கேட்காத ஹாரன்

ஹாரனை அடித்தது சக்கரபாணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வலது கை ஸ்டியரிங் நடுவில் பதிந்ததும், உள்ளங்கையில் அந்த ரப்பர் அமுங்கியதும்கூட ஞாபகம் இருந்தது. ஆனால் ஊரே ஒன்றுகூடி, நீ அடிக்கவில்லை, நீ அடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு மனிதன் எத்தனை நாளைக்குத்தான் தாங்குவான்? தூக்கத்தில் அடித்ததுபோல் கனவு கண்டோமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம் வந்த பிறகு சோறு இறங்கவில்லை. எதிரே யாராவது சைக்கிளில் வந்தால்கூட ரோட்டைவிட்டு இறங்கி நின்றுகொண்டான்.

நடந்தது இதுதான். ஆயுதபூஜை முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம். மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கு லாரியை ஓட்டி வந்துகொண்டிருந்தான். பிரம்மதேசம் பக்கம் ஒரு வளைவு. நல்ல மழை. வைப்பர் ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது. வளைவு திரும்பினால், பின்னால் புல்லுக்கட்டை வைத்துக் கட்டிய ஒரு டி.வி.எஸ். வண்டி ரோட்டைக் குறுக்கே கடக்கிறது. சக்கரபாணி பிரேக்கை மிதித்து ஹாரனை அழுத்தினான். அழுத்திய நொடியில் இன்ஜின் செத்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. ஈர ரோட்டில் வண்டி தன் இஷ்டத்துக்குச் சறுக்கிப் போய் அந்த டி.வி.எஸ்.சைத் தட்டிவிட்டு நின்றது.

அதை ஓட்டி வந்தவர் கண்ணையன், பிரம்மதேசத்துக்காரர், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். உயிர் தப்பியது. கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிவிட்டது. விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் போலீஸ்காரரிடம் அவர் சொன்னதை எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். "ஒரு ஹாரன் கூட அடிக்கலைங்க. நாய் குறுக்க வந்தாக்கூட அடிப்பானுங்க. எனுக்கு அதுகூட இல்ல." அந்த வளைவுக்குப் பக்கத்து டீக்கடைக்காரரும் ஹாரன் சத்தம் கேட்கவில்லை என்று சத்தியம் செய்தார். அந்த லாரி ஹாரனின் சத்தம் எப்படிப்பட்டது என்றால், சாதாரண நாளில் அடித்தாலே எதிரே வருகிறவன் சாக்கடையில் இறங்கிவிடுவான். அது அடித்து ஒருத்தருக்கும் கேட்காமல் போகுமா?

இதைவிடக் கொடுமை, விபத்து நடந்த இடத்திலேயே சக்கரபாணி சாவியைத் திருப்பியபோது வண்டி ஒன்றும் நடக்காததுபோல் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனதுதான். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். பிரேக் நன்றாக இருந்தது, ஸ்டியரிங் நன்றாக இருந்தது. இருந்ததைத்தான் அவர் எழுதிக்கொடுத்தார். "தூங்கிட்டு பிரேக்கை மிதிச்சிருப்ப, கிளட்ச்சை மிதிச்சிருக்க மாட்ட, வண்டி ஆஃப் ஆயிருக்கும்" என்று ஸ்டேஷனில் ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குத் தோதாக ஒரு விஷயமும் இருந்தது. முந்தின ராத்திரி மகள் அஸ்வினிக்குக் காய்ச்சல். சக்கரபாணி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தான். முதலாளி வீட்டுக்கு விசாரிக்க வந்தபோது மனைவி அம்சா அழுதுகொண்டே, "ராத்திரியெல்லாம் இவரு கண்ணையே மூடலைங்க மொதலாளி, கொழந்தையத் தூக்கிக்கினே நடந்தாருங்க" என்று சொல்லிவிட்டாள். புருஷன்மேல் இரக்கம் வரட்டும் என்றுதான் பாவம் சொன்னாள். முதலாளியின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான், புருஷன் கழுத்தில் தானே கயிறு மாட்டிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது.

முதலாளி தட்சிணாமூர்த்தி கெட்டவர் இல்லை. விழுப்புரத்தில் அவருக்கு மூன்று லாரி. மூன்றையும் பிள்ளைபோல் பார்த்துக்கொள்வார். பிள்ளைகளுக்குச் செய்யாத அலங்காரத்தை லாரிக்குச் செய்வார். விபத்துக்கு முன்பே ஒரு தடவை இந்த வண்டி குடோன் வாசலில் சும்மா நின்றுபோனது உண்டு. அப்போது சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார். அங்கே லேப்டாப்பை மாட்டிப் பார்த்து, கரண்ட் குறைந்ததாக ஏதோ பதிவாகியிருக்கிறது, அழித்துவிட்டோம், மறுபடியும் வந்தால் ஈ.சி.எம். பெட்டியை மாற்றிப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். ஈ.சி.எம். என்பது இந்தக் காலத்து லாரிக்கு வைத்திருக்கும் மூளை. எப்போது எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அந்தப் பெட்டிதான் முடிவு செய்யும். அது கண்ணை மூடினால் இன்ஜினும் மூடிவிடும்.

அதனால் முதலாளி ஒரு முடிவுக்கு வந்தார். பெட்டியில் கோளாறா, டிரைவரிடம் கோளாறா என்று மண்டையை உடைத்துக்கொள்வானேன்? "ரெண்டையும் மாத்திடலாம்டா சக்கரை" என்றார், ஏதோ டயர் மாற்றுவதுபோல. "புதுப் பெட்டி நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து வருது. வானூர்லேர்ந்து ஒரு டிரைவரும் வர்றான். நீ கொஞ்ச நாளு ரெஸ்ட்டு எடு."

ரெஸ்ட்டு என்றால் என்னவென்று சக்கரபாணிக்குத் தெரியும். தூங்கி ஆளை இடித்தவன் என்று பேர் எடுத்தவனை மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் ஒருத்தனும் ஸ்டியரிங் பக்கம் விடமாட்டான். ஆனால் அதைவிடவும் அவனைப் பயமுறுத்தியது வேறு. ரெண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டால், எதில் கோளாறு என்று இந்த ஜென்மத்தில் தெரியப்போவதில்லை. புது ஆள் வந்து வண்டி நன்றாக ஓடினால், பார்த்தாயா, சக்கரபாணிதான் தூங்கியிருக்கிறான் என்பார்கள். அவனும் அதை நம்பிவிடுவான். நன்றாக ஓடாமல் மறுபடியும் ஒரு வளைவில் நின்றுபோனால், இன்னொரு கண்ணையன். வண்டி நிற்கட்டும், அப்போதாவது என் பேச்சை நம்புவார்கள் என்று ஒரு நிமிஷம் மனம் ஆசைப்பட்டது. ஆசைப்பட்ட மனத்தை அவனே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டான்.

"மொதலாளி, ஒரே ஒரு உதவி பண்ணுங்க" என்று கையைக் கூப்பினான். "பெட்டி வர்றதுக்குள்ள திண்டிவனத்துல இருதயராஜ்கிட்ட ஒரு தடவ காட்டிடலாம். அவரு பாத்துட்டு பெட்டி தான்னு சொன்னா, நான் வாயே தொறக்க மாட்டேன்."

முதலாளி யோசித்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அம்சா குழந்தையோடு கதவோரம் நிற்பதைப் பார்த்ததும், "சரி, காலையில போலாம். நான் ஓட்டிக்கினு வர்றேன், நீ பக்கத்துல குந்து" என்றார். தன் லாரியில் தானே பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போன அந்தப் பயணத்தைப்போல் நீளமான பயணம் சக்கரபாணி போனதில்லை. எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அவன் கால் தானாகத் தரையை அழுத்தியது.

இருதயராஜ் கம்பெனி ஷோரூமில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டுப் பக்கம் தனியாக ஷெட் போட்டவர். லாரி எலக்ட்ரிகல் வேலையில் பேர் பெற்றவர். கோபத்திலும்தான். வண்டி வந்து நின்றதுமே, "உப்பு லோடா? அப்புறம் இன்னா, கனெக்டர்ல பச்சைக் களிம்பு பூத்திருக்கும். வேற ஒண்ணும் இருக்காது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் டூல்ஸையே எடுத்தார்.

பச்சை பூக்கவில்லை. பெட்டிக்குப் போகும் பெரிய கனெக்டரைக் கழற்றினார். உள்ளே இருந்த பின்கள் நேற்று வாங்கியவைபோல் மின்னின. இருதயராஜுக்கு முகம் சுண்டியது. ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபியூஸ்களைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். சென்சார் ஒயர்கள் உரசுகிற இடமெல்லாம் தடவிப் பார்த்தார். லேப்டாப்பை மாட்டினார். பழைய பதிவுகளை அழித்துவிட்டிருந்ததால் அதில் ஒன்றும் இல்லை. பேட்டரியைச் சோதித்தார், நன்றாக இருந்தது. சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கச் சொன்னார். இன்ஜினைக் கிளப்பும் அந்த மோட்டார் கணீரென்று அடித்தது.

"எர்த்தும் நல்லா கீது" என்றார் இருதயராஜ். "எர்த் வீக்கா இருந்தா செல்ஃப் இப்டி அடிக்காது."

ஒவ்வொன்றாக 'நன்றாக இருக்கிறது' என்று அவர் சொல்லச் சொல்ல, சக்கரபாணி இன்னும் கிட்டே போய் எட்டி எட்டிப் பார்த்தான். மற்றவர்கள் வண்டியில் எதுவும் கெட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள். அவனோ, ஏதாவது ஒன்று கெட்டிருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டு நின்றான். எல்லாம் நன்றாக இருந்தால் பாக்கி இருப்பது அவன் ஒருத்தன்தானே.

வெயில் உச்சிக்கு வந்தபோது இருதயராஜ் கையைத் துடைத்துக்கொண்டார். "பெட்டியா தான் இருக்கணும். இல்ல..." என்று நிறுத்தி, சக்கரபாணியைப் பார்க்காமல் துணியை மடித்தார். அந்த 'இல்ல'வுக்குப் பிறகு என்ன வரும் என்று மூன்று பேருக்கும் தெரியும். முதலாளி போனை எடுத்து, பெட்டி எந்த பஸ்ஸில் வருகிறது என்று கேட்கத் தொடங்கினார்.

சக்கரபாணிக்கு என்ன வந்ததோ, சத்தமாகவே கேட்டுவிட்டான். "இருதயராஜண்ணே, இவ்ளோ நேரமும் வண்டிய நிக்க வெச்சி தானே பாத்தீங்க? அன்னிக்கு வண்டி நிக்கலைண்ணே, ஓடிக்கினு இருந்துச்சு. மழை. வைப்பரு ஓடுது, லைட்டு எரியுது, நான் ஹாரன் அடிச்சேன். அதையெல்லாம் போட்டு ஒரு தடவ பாருங்கண்ணே. அப்பவும் ஒண்ணும் இல்லைன்னா நான் தூங்கினேன்னு ஒத்துக்கறேன். போலீஸ்லயும் சொல்லிடறேன்."

"நல்ல பேஜாரா போச்சு உன்னோட" என்று எரிந்து விழுந்தார் இருதயராஜ். ஆனால் கை மீட்டரை எடுத்துவிட்டது. மனிதருக்கு உறைத்துவிட்டது. சும்மா நிற்கிற வண்டியில் அளந்தால் எல்லாம் நன்றாகத்தான் காட்டும், பாரம் தூக்கும்போதுதான் பலவீனம் தெரியும் என்பது அவரே பத்துப் பேருக்குச் சொல்கிற பாடம். மீட்டரிலிருந்து நீளமாக இரண்டு ஒயர் இழுத்து, ஒன்றைப் பேட்டரியின் மைனஸில் கிளிப்பால் மாட்டினார். இன்னொன்றைப் பெட்டியின் எர்த் ஒயரில் மாட்டினார். ஒயர்களை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுபோய் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசமே இருக்கக் கூடாது மொதலாளி. எர்த் ஒழுங்கா இருந்தா இதுல பூஜ்யம் தான் காட்டும். ஏறிச்சுன்னா, எங்கியோ கரண்ட்டு திரும்பிப் போக வழி இல்லாம முட்டுதுன்னு அர்த்தம். சக்கரபாணி, நீ ஏறி ஓட்டுடா."

"அவன் வேணாம், நான் ஓட்டறேன்" என்றார் முதலாளி.

"அன்னிக்கு ஓட்டினவன் ஓட்டட்டும். ரோட்டுக்கா போறோம்? பக்கத்துல மல்லாட்டை காய வெக்கிற களம் காலியா தான் கீது."

சக்கரபாணி ஏறினான், முதலாளியும் மறுபக்கம் ஏறிக்கொண்டார். ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் உள்ளங்கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டான். முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் கதவோரம் நகர்ந்து உட்கார்ந்தார். வேர்க்கடலைக் களத்தைச் சுற்றியிருந்த வெறும் மண்ணில், மழையில் விழுந்த பள்ளங்களில் வண்டியை மெதுவாக இறக்கினான். லாரி குலுங்கியது. மீட்டர் பூஜ்யத்தைவிட்டு லேசாக எழுந்தது. இருதயராஜ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"லைட்டைப் போடு."

போட்டான். மீட்டர் இன்னும் கொஞ்சம் ஏறியது.

"வைப்பர்."

காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று இழுத்தது. மீட்டர் ஏறியது, குலுக்கலில் இறங்கியது, மறுபடியும் ஏறியது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. களத்தை ஒரு சுற்று வந்தாயிற்று. இரண்டாவது சுற்று. ஒன்றும் நடக்கவில்லை. சக்கரபாணியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "போதும்பா, டீசல் தான் வேஸ்ட்டு" என்றார் முதலாளி. அவர் குரலில் கோபமில்லை, அலுப்புத்தான் இருந்தது. அலுப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

இருதயராஜ் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஹாரன் அடி" என்றார்.

சக்கரபாணி உள்ளங்கையைப் பதித்து அழுத்தினான்.

எங்கோ உள்ளே 'டிக்' என்று ஒரு சின்ன சத்தம். ஹாரன் வாயே திறக்கவில்லை. இன்ஜின் செத்தது. ஸ்டியரிங் கையில் கல்லாகிவிட்டது. காலி களத்தில் வைப்பர் பாதி வழியில் நின்றுபோக, லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி அசையாமல் நின்றது.

சக்கரபாணி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "இதான்" என்றான். "இதான் மொதலாளி. இதே தான். அடிச்சேன், மொதலாளி. நான் அடிச்சேன்." சொல்லச் சொல்ல அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டியரிங்மேலேயே தலையைச் சாய்த்து, குழந்தைபோல் தேம்பினான். முதலாளி கையை நீட்டி அவன் முதுகில் வைத்தார். வைத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே விட்டுவிட்டார்.

இருதயராஜ் அதற்குள் வண்டிக்குக் கீழே இருந்தார். "என் புத்திய செருப்பால அடிக்கணும்" என்று அங்கிருந்து சத்தம் வந்தது. "செல்ஃபுக்கு எர்த் பேட்டரிலேர்ந்து நேரா இன்ஜினுக்குப் போவுது. அதனால தான் கணீர்னு அடிக்குது. லைட்டு, வைப்பரு, ஹாரன், பெட்டி எல்லாத்துக்கும் எர்த்து சேசிஸ்ல கீது. இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரே ஒரு பட்டை. இத போயி பாக்காம வுட்டேனே!"

செம்புப் பின்னலான அந்தப் பட்டையை, லாரியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினார். பட்டையைத் தூக்கிப் பார்த்தால், இரும்பும் செம்பும் முத்தமிட வேண்டிய இடத்தில் வழவழவென்று சிவப்புப் பெயிண்ட். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். கீழே இன்னொரு பூச்சு. அதற்குக் கீழேயும் ஒன்று. போல்ட்டின் மரை வழியாகத்தான் இத்தனை நாளும் ஏதோ கொஞ்சம் கரண்ட் கசிந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, வண்டி குலுங்கி, கடைசியில் ஹாரனும் கேட்டால், அந்த இடுக்கு வழி போதவில்லை. ஹாரனும் ஊமையாகிவிடும், பெட்டியும் கண்ணை மூடிவிடும்.

"யாரு இந்த எடத்துலகூடப் பெயிண்ட் அடிச்சது?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார் இருதயராஜ்.

தட்சிணாமூர்த்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. உப்பு லாரி வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பதால் வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு முன்னால் சேசிஸுக்குத் தடிமனாகப் பெயிண்ட் அடிப்பார்கள். இவர் ஒரு படி மேலே. பெயிண்டர் வேலை செய்யும்போது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பட்டையைக் கழற்று, கிளிப்பைக் கழற்று, அதுக்கடியிலும் அடி, ஒரு பொட்டு இடம் விடாதே என்று சொல்லிச் சொல்லி அடிக்க வைத்தார். பழைய லாரிகளுக்கும் இப்படித்தான் செய்தார். அவற்றுக்கு எர்த் போனால் லைட் மங்கும், அவ்வளவுதான். இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடும். அவற்றுக்கு மூளை கிடையாது.

"நான் தான்" என்றார். "பக்கத்துல குந்திக்கினு நான் தான் அடிக்க வெச்சேன்."

இருதயராஜுக்குக்கூட அதற்குமேல் கோபப்பட மனம் வரவில்லை. உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தை இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தார். பட்டையை வைத்து இறுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸைத் தடவினார். "உப்பு படாம இருக்கணும்னா இப்டி பண்ணணும். மொதல்ல இறுக்கு, அப்புறம் பூசு" என்று முணுமுணுத்தார். பிறகு சக்கரபாணியைப் பார்த்து, "எல்லாத்தையும் போட்டு அடிடா இப்போ" என்றார்.

லைட், வைப்பர், இன்ஜின். சக்கரபாணி ஹாரனை அழுத்தினான். களத்தோரம் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின. ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திட்டினார். மீட்டர் பூஜ்யத்திலேயே இருந்தது. சக்கரபாணி கையை எடுக்கவில்லை. இருதயராஜ் காதைப் பொத்திக்கொண்டு, "போதும்டா, போதும்" என்று கத்தியும் எடுக்கவில்லை.

முதலாளி போனில் பெட்டியை வேண்டாம் என்றார், வானூர் டிரைவரையும் வேண்டாம் என்றார். போலீஸில் தானே வந்து இருதயராஜை வைத்து நடந்ததைச் சொல்வதாகச் சொன்னார். பிறகு சாவியை எடுத்து நீட்டினார். "நீயே ஓட்டு சக்கரை. ஊட்டுக்குப் போலாம். அம்சா பயந்துக்கினு இருக்கும்."

"அவகிட்ட போன்ல சொல்லிடறேன். லைசென்சு ஸ்டேஷன்ல கீது, நீங்களே ஓட்டுங்க மொதலாளி" என்றான் சக்கரபாணி. "நேரா ஆஸ்பத்திரிக்கு வுடுங்க."

கண்ணையன் கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். சக்கரபாணி இதற்கு முன்பும் ஒரு தடவை வந்திருக்கிறான். அப்போது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போதும் திரும்பத்தான் பார்த்தார். முதலாளி அவசரமாகக் கட்டிலோரம் போய், பெயிண்ட், பட்டை, எர்த் என்று எல்லாவற்றையும் கலந்து கட்டிச் சொன்னார். "தப்பு என்னுது தாங்க பெரியவரே. என்ன பண்ணணுமோ சொல்லுங்க, பண்றேன்" என்று சொல்லிவிட்டு நின்றார். கண்ணையனுக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியால் உடைந்த கால் ஒட்டிவிடப்போவதும் இல்லை.

அவர் முதலாளியை விட்டுவிட்டுச் சக்கரபாணியைப் பார்த்தார்.

"அப்போ நீ ஹாரன் அடிச்சியா?"

"அடிச்சேங்க. அது சத்தம் போடலைங்க."

கண்ணையன் போர்வையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

"இத்தினி நாளா எனுக்கு அது தான் ஆத்தாமையா இருந்துச்சு" என்றார். "ஒரு மனுசன் ரோட்ல போறான்னு கண்ணாலகூடப் பாக்காம இடிச்சிட்டுப் போனாங்களேன்னு. அப்போ, நீ என்னைப் பாத்த."

"பாத்தேங்க" என்றான் சக்கரபாணி. "நீலச் சட்டை. தலையில துண்டு கட்டிக்கினு இருந்தீங்க. நல்லா பாத்தேங்க."

கண்ணையன் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கட்டிலில் காலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அதைக் கையால் தட்டி, "குந்து" என்றார்.